பவர் ஸ்டீயரிங் போடலாமா, மாப்ளே?

மலருக்குக் கவிதை எழுதத்தான் ஆசைப்பட்டேன். வரவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஸ்டீயரிங்கைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு போன நம்மில் பலர் சேர்வராயன் கோயிலுக்கும் போயிருப்போம். 5,000 அடிக்கும் மேலே, குகைக்குள்ளே குனிந்து போய்க் கும்பிடுகிற கோயில். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் அங்கேதான். போன திருவிழா முடிந்ததும் பந்தல் கம்பங்களையும் அண்டா குண்டாவையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு என் மாமாவின் டிராக்டரில் இறங்கினோம். 18 குதிரைத்திறன் உள்ள பழைய சின்ன வண்டி, சாதா ஸ்டீயரிங். நான் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தேன் (உட்காரக் கூடாதுதான்!). ஒரு வளைவில் இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பிய மாமா, வண்டியை ஓரங்கட்டி வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தோளு இன்னும் எத்தனை வருஷம் தாங்குமோ தெரியல. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, பவர் ஸ்டீயரிங் போடலாமா மாப்ளே?" என்றார்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் "வித்துட்டுப் புதுசு வாங்கச் சொல்லுடா" என்றார்கள். மீதிப் பேர் "ஆர்பிட்ரால் வாங்கிப் போட்டா ஒரு நாள் வேலை" என்றார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலில், கனம் எங்கிருந்து வருகிறது? முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தோம். அசையவே இல்லை! தூக்கின சக்கரத்தில் பாரம் ஏது? ஸ்பிண்டிலைக் கழற்றினால், கிரீஸ் போகிற துவாரம் மண்ணடைத்துக் கல்லாகிக் கிடந்தது. புஷ் வறண்டு தேய்ந்திருந்தது. டயரில் காற்றும் இருக்க வேண்டியதில் பாதிதான். புது புஷ், புது திரஸ்ட் பேரிங், கிரீஸ், காற்று. அதிலேயே பாதிக் கனம் போய்விட்டது. இதைச் செய்யாமல் பவர் ஸ்டீயரிங் போட்டிருந்தால் நோயை மறைத்த மாதிரிதான் ஆகியிருக்கும்.

மீதிக் கனத்துக்கு மலைதான் காரணம். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போகும். ஸ்டீயரிங் லேசாக இருக்கும், ஆனால் முன் சக்கரம் தரையைப் பிடிக்காது. அங்கே முன்னால் வெயிட் மாட்டுவதுதான் மருந்து, பவர் ஸ்டீயரிங் ஒன்றும் செய்யாது. இறங்கும்போது பாரம் முன்னால் வரும், டிரெய்லரும் முதுகில் தள்ளும். மாமாவின் தோள் போனது அங்கேதான். கனரக வண்டி ஓட்டுகிறவர்களின் இதே கஷ்டத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926-ல் பவர் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டினார். கிரைஸ்லர் காரில் அது விற்பனைக்கு வர 1951 ஆயிற்று.

கணக்குக்கு வருவோம். 50 மி.மீ. போர், 25 மி.மீ. ராடு, 200 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் ராடு உள்ள சிலிண்டர் என்று வையுங்கள். உள்ளே கொள்ளும் ஆயில் சுமார் 295 சி.சி. ஒரு சுற்றுக்கு 80 சி.சி. தள்ளுகிற ஆர்பிட்ரால் என்றால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 3.7 சுற்று. வினாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஆயில் போதும். லிஃப்ட் பம்பிலிருந்தே எடுக்கலாம். ஆனால் ஸ்டீயரிங்குக்கு முதலில் ஆயில் கொடுக்கும் பிரயாரிட்டி வால்வு கட்டாயம். இப்போது அடுத்ததைப் பாருங்கள். 80 பார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டர் தள்ளுகிற விசை சுமார் 1,200 கிலோ! கையால் இழுப்பதற்கென்று செய்த பழைய ஆர்மும் பால் ஜாயின்ட்டும் இதைத் தாங்குமா? ரிலீஃப் வால்வை எவ்வளவில் வைப்பது என்று இங்கேதான் நாம் படித்தது வேலைக்கு வர வேண்டும். காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கிப் பெயின்ட் அடிக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சட்டமும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. நம் மலையில் பலருக்கு ஒரு பழக்கம்: இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளி எஞ்சினை அணைத்துவிடுவார்கள், டீசல் மிச்சம் என்று. மாமாவும் அப்படித்தான். எஞ்சின் பிரேக் போவது ஒரு பக்கம். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அப்புறம் ஆர்பிட்ராலைக் கைப்பம்பு மாதிரிச் சுற்ற வேண்டும், முன்னைவிடக் கனமாக! ஓஸ் வெடித்தால் அதுவும் இல்லை. வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. லேசான ஸ்டீயரிங்குக்குப் பழகிய கை, கொண்டை ஊசி வளைவில் என்ன செய்யும்?

இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். "இனிமே இறக்கத்துல எஞ்சினை நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க மாமா, பொருத்திடுறேன்."

"டீசல் காசு நீ குடுக்கிறியாடா?" என்றார்.

தோள் வலி அவருக்கு, டீசல் கணக்கும் அவருக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர் வாயால் சொல்கிற வரைக்கும் ஆர்பிட்ரால் அட்டைப்பெட்டியிலேயேதான் இருக்கும், என் கட்டிலுக்கு அடியில்.

- இறுதியாண்டு, இயந்திரவியல்