கரையில் குற்றம், ஆற்றில் தொழில்!

ஒரு காரியம் குற்றமா அல்லவா என்பது அந்தக் காரியத்தின் தன்மையைப் பொறுத்ததா, அல்லது அதைச் செய்கின்றவனுடைய பணப்பையைப் பொறுத்ததா என்று கேட்டால், அறிவுள்ள எவனும் தன்மையைப் பொறுத்தது என்றுதான் சொல்லுவான். ஆனால் கோவா ராஜ்யத்துச் சூதாட்டச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அங்கு 1976-ல் செய்யப்பட்ட பொதுச் சூதாட்டச் சட்டம் ஒன்று இன்றும் அமுலில் இருந்து வருகின்றது. அதன்படி ஒரு கூலிக்காரன் மட்காவில் பத்து ரூபாய் கட்டினால் குற்றவாளி. சீட்டு எழுதிக் கொடுத்தவனும் குற்றவாளி. ஆனால் அதே சட்டத்தில் 1992-ல் ஒரு பிரிவைப் புகுத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திரச் சூதாட்டம் நடத்தலாம் என்றார்கள். பிறகு 1996-ல், கடலில் நிற்கும் கப்பல்களில் மேஜை போட்டுச் சீட்டும் சுழல் சக்கரமும் ஆடலாம் என்று சேர்த்துக் கொண்டார்கள். கடல் என்பது ஏட்டில்தான். கப்பல்கள் நிற்பதோ, தலைநகரான பனாஜியை ஒட்டி ஓடும் மாண்டவி ஆற்றில்! ஓட்டலில் மனிதன் கையால் சீட்டுப் போட்டால் கூடாதாம்; இயந்திரம் போட்டால் கூடுமாம்; தண்ணீரின் மேல் மனிதனே போடலாமாம்! ஜாதித் தீட்டுத்தான் தண்ணீர் தெளித்தால் போய்விடும் என்று சொல்லி வந்தார்கள். சூதின் தீட்டும் தண்ணீரிலே போய்விடும் போலும்!

நிற்க, இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் இந்தச் சூதாட்ட சாலைகளில் ஆடக் கூடாது என்று அந்த சர்க்கார் தடுத்துவிட்டது. அங்கு வேலை செய்து சம்பளம் வாங்கலாம், ஆடத்தான் கூடாது. ஏன்? சொந்த ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்பதற்காகத்தானே? அப்படியானால் சூது மனிதனைக் கெடுக்கும் என்பதை சர்க்காரே ஒப்புக்கொண்டதாயிற்று. தன் பிள்ளை தின்னக் கூடாதென்று ஒளித்து வைத்த பண்டத்தை வழிப்போக்கனுக்கு விலைக்கு விற்கின்றவனை யோக்கியன் என்று சொல்ல முடியுமா? வெளியூரானுக்குப் பெண்டு பிள்ளைகள் இல்லையா?

"வருமானம் வருகின்றதே, பலருக்கு வேலை கிடைக்கின்றதே" என்று சிலர் சொல்லுவார்கள். வருமானம் எங்கிருந்து வருகின்றது என்று கணக்குப் பார்ப்போம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள சுழல் சக்கரத்தில் 37 அறைகள் இருக்கின்றன. ஓர் எண்ணில் ஒரு ரூபாய் வைத்து ஜெயித்தால், வைத்த ரூபாயும் சேர்த்து 36 ரூபாய் கொடுப்பார்கள். 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்துப் பாருங்கள். 37 ரூபாய் கொடுத்து 36 ரூபாய் வாங்குவீர்கள். அந்த ஒரு ரூபாய் எங்கே போயிற்று? முதலாளியிடம் போயிற்று. இதில் அதிர்ஷ்டம் எங்கே, தலைவிதி எங்கே? கிரகத்தைப் பார்த்து ஆடினாலும், சாமியைக் கும்பிட்டு ஆடினாலும், 37-க்கு 36 என்கின்ற கணக்கு மாறாது. ஆடுகின்றவர்கள் ஆடிக்கொண்டே இருந்தால் முதலாளி தோற்கவே மாட்டான். அந்தப் பணத்திலிருந்துதான் சர்க்காருக்குக் கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் போகின்றது. வேலைக்காரனுக்குச் சம்பளமும் போகின்றது. தோற்றவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு எரிகின்ற விளக்குக்கு வருமானம் என்று பெயர்!

மட்காக்காரனை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவனும் ஏழையின் கூலியைப் பிடுங்குகின்றவன்தான். சூது கேடு என்றால் ஆற்றிலும் ஓட்டலிலும் அதை ஒழிக்கட்டும். கேடல்ல என்றால் கூலிக்காரனைப் பிடிப்பானேன்? சொந்த ஜனங்களைத் தடுப்பானேன்? இரண்டும் இல்லாமல், பணக்காரன் சூதுக்கு லைசென்ஸும் ஏழையின் சூதுக்கு லாக்கப்பும் கொடுக்கின்ற ஒரு சட்டம், ஒழுக்கத்தைக் காப்பாற்றுகின்ற சட்டமா, அல்லது போட்டிக் கடையை மூடி வைக்கின்ற சட்டமா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.