புல்தரையும் களையும்

வயலில் உழவர் சபித்துப் பிடுங்கி எறியும் அருகம்புல்லைத்தான் நாம் வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிப் புல்தரையாக வளர்க்கிறோம். அப்படிப்பட்ட முரட்டுப் புல்லையும் களைகள் சில வெல்லத்தான் செய்கின்றன.

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் வாசலில் அம்மான் பச்சரிசியும் மூக்கிரட்டையும் மண்டிக் கிடந்தன. குனிந்து பிடுங்கச் சோம்பல்பட்டு, கடையில் 2,4-டி என்னும் மருந்தை வாங்கி வந்தேன். இரண்டாம் உலக யுத்த காலத்து ஆராய்ச்சியில் பிறந்து, 1945-க்குப் பின் விற்பனைக்கு வந்த சரக்கு இது. செடிகள் வளர்வதற்குத் தம்முள்ளே சுரந்துகொள்ளும் பொருளைப் போலவே நடித்து, அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரச் செய்து மாய்க்கும். புல்லினமோ அதனைத் தன்னுள்ளேயே சிதைத்துவிடும். ஒடுங்கி நிமிர்ந்த இலையில் திரவம் தங்குவதும் குறைவு. ஆகவே களை சாகும், புல் பிழைக்கும். கிளைபோசேட் என்னும் மருந்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. பெயரை விசாரியாமல் அதை வாங்கித் தெளித்தவர்கள் களையோடு புல்லையும் இழப்பார்கள்.

நான் மருந்தின் குணத்தைப் படித்தேனே தவிர, காற்றைப் பார்க்கவில்லை. அம்மியையே அசைக்கும் ஆடிக் காற்று, தெளித்த துளிகளைச் சும்மா விடுமா? சில தினங்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து நின்றார். அவர் தக்காளி விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். "இலையெல்லாம் சுருண்டு தண்டு முறுக்கிக்கொள்கிறது. மண்ணில் ஏதோ தோஷம் போலிருக்கிறது. நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்றார்.

பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தக்காளியும் அகன்ற இலைச் செடிதானே! உண்மையைச் சொல்லி, நஷ்டத்தைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். பேசியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

மருந்துக்கும் மசியாமல் நின்றது கோரை. அது புல்லைப் போலத் தோன்றினாலும் வேறு இனம். அதன் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் முக்கோணமாக இருப்பது தெரியும். மண்ணுக்கடியில் கிழங்குகள் ஒன்றோடொன்று கோத்தாற்போல் கிடக்கின்றன. மேலே பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் வரும். கோவை அறுபட்டு, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். ஈரம் வடியாத தரையென்றால் அதற்குக் கொண்டாட்டம்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளே வேலிக்கு அப்பாலிருந்து, "அப்படி இழுக்காதீர்கள், ஐயா" என்றார், களைக்கொட்டையும் நீட்டினார். ஆழக் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முளைத்ததையெல்லாம் விடாமல் எடுக்க வேண்டும். கிழங்கில் சேர்த்து வைத்த சத்து அவ்வாறு கரைந்து போகும். புல்லையும் நான் இப்போது ஓர் அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. தினந்தோறும் நனைப்பதை விட்டு, மண் உலர்ந்தபின் நன்றாகப் பாய்ச்சுகிறேன். வேப்ப மரத்து நிழலில் மட்டும் அருகு படரவில்லை. அதற்கு வெயில் வேண்டும். அந்த மூலையை மணல் கொட்டி விட்டுவிட்டேன்.

கோரை இன்னும் இரண்டு முழ இடத்தில் பாக்கியிருக்கிறது. களைக்கொட்டை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.