கோப்பைத் திறக்கும் விதி

36 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோப்பைத் திறப்பது, படிப்பது, குறிப்பு எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புவது, திரும்பி வந்ததும் கட்டி வைப்பது, இதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு கோப்பைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். 74 வயதில் அந்த நினைப்பு பொய்த்துப் போயிற்று. அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்கு உண்டான ஓர் அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன். கணினி விஷயம் என்று பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள்; கடைசியில் நம் ஓய்வூதியம் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. 212 பேர். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் நோட்பேடில் தமிழிலேயே தட்டி வைத்திருக்கிறேன். எதற்கு? 80 வயது நிறையும் மாதத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 85இல் 30 சதவீதம், 90இல் 40. தானாக வரவேண்டியதுதான். ஆனால் பழைய ஆணைகள் சிலவற்றில், முக்கியமாகக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களின் ஆணைகளில், பிறந்த தேதியே இருக்காது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவிக்கு 80 தாண்டி 14 மாதம் கழித்துத்தான் கவனித்தோம். அந்த அம்மாள் மருந்துக் கடையில் பாக்கி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதன் பிறகுதான் பட்டியலைப் பார்த்து ஆறு மாதம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, இதைக் கையால் தேட வேண்டாம்" என்று பைத்தான் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதித் தந்தாள். பைத்தான் என்பது கீடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட கணினி மொழி. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓர் ஆங்கில நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து எடுத்தது. அவள் மடிக்கணினியில் நிரல் அழகாக ஓடிற்று. அவள் ஊருக்குப் போனபின் என் விண்டோஸ் கணினியில் ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது. 0எக்ஸ்81 என்ற பைட்டை, 5ஆம் இடத்தில், வாசிக்க முடியவில்லையாம்.

212 பேர் உள்ள பட்டியலில் ஐந்தாம் இடத்திலேயே தகராறு! தலைப்பு வரியின் முதல் சொல் 'புதுச்சேரி'. அதற்குள் என்ன ஐந்தாம் இடம்?

விஷயம் பிறகுதான் புரிந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 என்ற முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'பு' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது இரண்டு குறி: 'ப'வும் உகரக் கொக்கியும். ஆக ஆறு பைட். அவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், நாம் தரைத்தளத்தை விட்டுவிட்டு முதல் மாடி, இரண்டாம் மாடி என்று எண்ணுவதுபோல. எனவே ஐந்தாம் இடம் என்றால் ஆறாவது பைட், அதாவது உகரத்தின் கடைசிப் பைட். என் விண்டோஸ் ஆங்கில அமைப்பில் இருந்தது. பைத்தான் அந்த அமைப்பைக் கேட்டு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பழைய பட்டியலை வைத்து என் தமிழை வாசிக்கப் பார்த்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சில எண்களுக்கு எதிரே ஒன்றுமே கிடையாது. நம் உகரக் கொக்கி, மெய்யெழுத்தின் புள்ளி, ஏ, ஐ நான்கும் அந்தக் காலி இடங்களில்தான் போய் விழுகின்றன. பேத்தியின் கணினியில் இயல்பாகவே யுடிஎஃப்-8. அதனால் அங்கே ஓடிற்று.

உகரமும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் ஒரு பெயர் இருந்தால்? 'கமலா' என்று மட்டும் எழுதி ஒரு சின்னக் கோப்பு செய்து பார்த்தேன். பிழையே சொல்லவில்லை. பன்னிரண்டு குறிகளைக் காட்டியது. அதில் நான்கு தடவை திரும்பத் திரும்ப வந்தது எனக்குப் பழகிய முகம்: தலையில் சாய்கோடு போட்ட 'ஆ', அதாவது நாங்கள் பள்ளியில் படித்த ஆ அக்சான் கிராவ். பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர். சின்ன வயதில் அந்த அக்சானை விட்டுவிட்டால் வாத்தியார் அளவுகோலால் விரலில் தட்டுவார். அறுபது வருடம் கழித்து அது தானாகவே வந்து கமலாவின் பெயருக்குள் உட்கார்ந்திருந்தது. சிரிப்பு வந்தாலும், பிழை சொல்லி நிற்பதைவிட இது மோசம் என்று பட்டது. நின்றுவிட்டால் நாம் கவனிப்போம். தப்பாகப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று மேலே போகிற குமாஸ்தாவை என்ன செய்வது?

பரிகாரம் மிகச் சின்னது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர்க்க வேண்டும். தட்டினால் பதினாறு எழுத்துத்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, பிரெஞ்சிலும் இருக்கிறது. நான் இரண்டிலும் படித்தேன்.

என் அபிப்பிராயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கையேடு பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. ஓப்பன் கட்டளைக்கான பகுதியில், என்கோடிங் குறிப்பிடாவிட்டால் அது இயங்குதளத்தைப் பொறுத்தது என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதனால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. உங்கள் கணினியில் ஓடுவது இன்னொருவர் கணினியில் நின்றுபோகலாம், அல்லது ஓசையில்லாமல் தப்பாகப் படிக்கலாம் என்று ஒரு வரி இல்லை. நம் அலுவலகங்களில் 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் எழுதுவோமே, அதுவும் உண்மைதான். மனு கொடுத்தவருக்கு அதனால் என்ன தெரிந்தது?

அதே பக்கத்தில் சரியாக எழுதிய இடமும் இருக்கிறது. என் தவிப்பைப் பார்த்த எதிர்வீட்டுப் பையன், "தாத்தா, பிழையைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வார்த்தை போட்டால் ஓடிவிடும்" என்றான். போடுவதற்கு முன் கையேட்டில் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு எதிரிலேயே, இப்படிச் செய்தால் தகவல் இழக்க நேரிடும் என்று சின்னதாக ஓர் எச்சரிக்கை. கையை எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருந்தால், என் நிரல் பட்டியலைத் திருத்தி மறுபடி எழுதி வைக்கும்போது புள்ளிகளும் உகரங்களும் உதிர்ந்து போயிருக்கும். எந்த இடத்தில் புள்ளி இருந்தது, எந்த இடத்தில் உகரம் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 212 பேரின் பெயரை ஒரு வரி எச்சரிக்கை காப்பாற்றியது. இந்த மாதிரி வரியைத்தான் என்கோடிங்குக்கும் கேட்கிறேன்.

இன்னொரு குறை உதாரணம். நாங்கள் படித்த லாரூஸ் அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னதும், அது எப்படிப் புழங்குகிறது என்று சின்ன வாக்கியம் ஒன்று வரும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் மொழி கற்றோம். ஓப்பன் பகுதியில் நான் பார்த்த உதாரணம் ஒரு குறிப்பிட்ட அடைவை அடிப்படையாக வைத்துக் கோப்பைத் திறக்கும் அபூர்வமான ஏற்பாட்டுக்கானது. கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கும் அன்றாட வேலைக்கு அங்கே உதாரணம் இல்லை.

மூன்றாவது, சிதறல். திறப்பது ஒரு பக்கத்தில். திறந்தபின் படிக்கும் கட்டளைகளான ரீட், ரீட்லைன் முதலியவற்றின் விவரம் வேறு பக்கத்தில். ரீட்லைன் கட்டளை கோப்பு முடிந்துவிட்டால் வெற்றுச் சரத்தைத் தரும். நடுவில் காலி வரி வந்தால் வரிமுடிவுக் குறியைத் தரும். இரண்டும் ஒன்றல்ல. என் பட்டியலில் தெருவுக்குத் தெரு ஒரு காலி வரி விட்டிருந்தேன். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு மாற்றம் செய்து, முதல் தெருவோடு பட்டியல் முடிந்ததாக நிரல் சொல்லிற்று. அதேபோல ரீட் கட்டளைக்கு ஓர் எழுத்து போதும் என்று சொன்னால், 'புதுச்சேரி'யிலிருந்து 'பு' வராது, 'ப' தான் வரும். கையேட்டில் எழுத்து என்று சொல்வது நம் எழுத்து அல்ல.

நான் சில வருடம் எத்தா சிவில் பிரிவில் இருந்தேன். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஆனாலும் ஒருவருக்குத் திருமணம் ஆனால் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்து வைப்பார்கள், இறந்தால் அதையும். மான்சியோன் மார்ழினால் என்று பெயர். பிறப்புச் சான்று கேட்டு வருகிறவர் மற்றப் பதிவேடுகள் இருப்பதே தெரியாதவராக இருக்கலாம் என்று யோசித்த யாரோ செய்த ஏற்பாடு அது. பதிவேடுகளை ஒன்றாகக் கலக்கவில்லை, நீட்டி முழக்கவும் இல்லை. தேடுகிறவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவாரோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரி. ஓப்பன் பகுதிக்கு நான் கேட்பதும் இந்த ஓரக்குறிப்புத்தான்.

பேத்தியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "தாத்தா, அது விதிப்புத்தகம். கற்றுக்கொள்வதற்குத் தனியாகப் பாடநூல் இருக்கிறது. அதில் வேறு முறை தேவை என்று தெரிந்தாலொழிய யுடிஎஃப்-8 போடு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது" என்றாள். பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறது. காலி வரி சமாசாரமும் அங்கே இருக்கிறது. அவள் வாதத்தில் நியாயம் உண்டு. விதிப்புத்தகத்தில் கதை சொல்லக்கூடாது. தேர்ந்தவர்கள் வேகமாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் வேலை நடுவில் தடுக்கி விழுந்தவன் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து எடுத்துப் படிக்க மாட்டான். விதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓடுவான். அவன் விழுந்த பள்ளத்துக்குப் பலகை வேறு தெருவில் இருந்தால் என்ன பயன்?

"3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 தான் இயல்புநிலை என்று முடிவு செய்திருக்கிறார்கள், உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்றும் சொன்னாள். நல்ல செய்தி. ஆனாலும் பழைய பதிப்பு போட்ட கணினிகள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு, பழைய டிஸ்கி முறையில் தமிழ் தட்டி வைத்திருப்பவர்களுக்கு இதே தகராறு மறுபக்கத்திலிருந்து வரும். விதி மாறும்போதுதான் ஓரக்குறிப்பு அதிகம் தேவைப்படும் என்பது அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது அழகல்ல. அந்தக் கையேட்டில் யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம். ஆகவே நான்கு சிறு திருத்தங்களை எழுதிப் பேத்திக்கு அனுப்பினேன். அன்றாட உதாரணம் ஒன்று முதலில் வரட்டும்; என்கோடிங் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம்; படிக்கும் கட்டளைகள் எதைத் திருப்பித் தரும் என்று மூன்று வரி; 'பு' என்பதில் இரண்டு குறி என்று ஓர் அடி. எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம் வராது. அவள் ஆங்கிலத்தைச் சரிபார்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஏற்பார்களோ மாட்டார்களோ. மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்து பழகியவன்தானே.

நிரல் இப்போது ஓடுகிறது. இந்த வருடம் எங்கள் சங்கத்தில் 80 தொடுகிறவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடப் போகிறேன். நீங்களும் உங்கள் ஓய்வூதிய ஆணையை ஒரு தடவை எடுத்து, பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அம்மாவோ அண்ணியோ குடும்ப ஓய்வூதியம் வாங்கினால் அவர்களுடையதையும் பாருங்கள். இல்லாவிட்டால் 80 வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கொடுங்கள்.