இலையுதிர்ந்த காடு இறந்த காடன்று

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை, சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே செல்கிறது. கோடையில் அவ்வழியே பயணிப்போர் பலர், இலையற்ற மரங்களையும் முட்புதர்களையும் கண்டு, "காடே காய்ந்து கிடக்கிறது" என்று கூறிவிட்டு மூணாற்றின் பசுமையை நோக்கி விரைகின்றனர். பசுமையே காட்டின் அளவுகோல் என்னும் பிழையான எண்ணம் இக்கூற்றில் மறைந்துள்ளது.

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில், 90.44 சதுர கி.மீ. பரப்பில் 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு, மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவமழை இங்கே குறைவு. வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. கோடையில் இலையுதிர்ப்பது மரத்தின் நோயன்று. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் வாழ்முறை. இம்முட்காட்டில்தான் நட்சத்திர ஆமை வாழ்கிறது. ஆற்றோர மரங்களின் பின்னிய கிளைகளே அரிய சாம்பல் நிற மலையணிலுக்கு வீடும் வழியுமாகின்றன.

பெயரிடும் முறையும் ஈண்டுக் கருதத்தக்கது. 'மழைமறைவுப் பகுதி', 'வறள்காடு' என்னும் கலைச்சொற்கள் அந்நிலத்தில் இல்லாததைச் சுட்டுகின்றன. சின்னாறு, பாம்பாறு, தூவானம் என்னும் இடப்பெயர்களோ இருக்கும் நீரைச் சுட்டுகின்றன. காற்றில் சிதறும் மழைத்துளியைக் குறிக்கும் 'தூவானம்' என்ற சொல்லே பாம்பாற்றின் அருவிக்குப் பெயராக நிற்கிறது. முன்னவை வெளியிலிருந்து அளந்தோரின் சொற்கள். பின்னவை அருகிருந்து அறிந்தோரின் சொற்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முட்காடுகளையும் புல்வெளிகளையும் 'தரிசு' என வகைப்படுத்திய காலனிய வருவாய்த்துறையின் பார்வை, இந்நாட்டின் நிலக்கொள்கையில் இன்றும் தொடர்கிறது. தரிசு எனப்பட்ட நிலத்தில் எதையும் நடலாம், எதையும் கட்டலாம் என்னும் துணிவு அச்சொல்லிலிருந்தே பிறக்கிறது.

முதுவரும் மலைப்புலையரும் இச்சரணாலயத்தினுள் குடியிருப்போர். பயணிகளுக்கு வழிகாட்டுவோரும் அவர்களே. ஆயினும் வழிகாட்டியிடம் "யானை வருமா?" என்று கேட்போரே மிகுதி, "இம்மரத்திற்கு உங்கள் பேச்சில் என்ன பெயர்?" என்று கேட்போர் அரியர். மரம், மண், பருவம் ஆகியவற்றுக்கு அம்மக்கள் வழங்கும் சொற்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒடுங்கிவிடக் கூடாது. சொல்லியோரின் இசைவோடும் உரிமையோடும் அவை காட்டின் அறிவிப்புப் பலகைகளிலும் பாடநூல்களிலும் இடம்பெற வேண்டும். சூழலியலும் மொழியியலும் இணைந்து செய்யவேண்டிய பணி இது.

கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே; அவற்றுள் ஒன்று பாம்பாறு. அது சின்னாற்றோடு கூடி அமராவதியாகி, உடுமலை முதல் கரூர் வரையுள்ள வயல்களை நனைக்கிறது. 'காய்ந்த காடு' என்று கடந்து செல்வோரின் உணவிலும் அக்காட்டின் நீர் கலந்திருக்கக்கூடும்.