ஊசற் கடிகாரத்தின் அருகே ஓர் உஷ்ணமானி

உயர்நிலைப் பள்ளிகளில் ஊசற் பாடம் நீளத்தோடும் புவியீர்ப்போடும் முடிந்துவிடுகிறது. ஊசலின் தண்டு உஷ்ணத்தால் நீளும் என்ற செய்தியோ, உலோகங்களின் விரிவைக் கூறும் வேறோர் அத்தியாயத்திற் கிடக்கிறது. இவ்வாறு பிரித்து வைத்தல் பொருந்தாது.

உருக்குத் தண்டு கொண்ட கடிகாரம், உஷ்ணநிலை ஒரு பாகை சென்டிகிரேடு உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை வினாடி பின்தங்கும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மார்கழி விடியலுக்கும் அக்கினி நட்சத்திரப் பிற்பகலுக்கும் இடையே 20 பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. கணக்கை மாணவரே போட்டுக் கொள்ளலாம்.

திருப்பதியிற் சரியாக ஓடும் அத்தகைய கடிகாரத்தைத் திருமலைக்கு எடுத்துச் செல்வதாகக் கொள்வோம். ஏற்றம் சுமார் 700 மீட்டர். புவியீர்ப்புக் குறைவதால் அது நாளொன்றுக்கு 6 முதல் 9 வினாடி வரை பின்தங்க வேண்டும். மலைப்பாறையின் ஈர்ப்பு எவ்வளவு ஈடுசெய்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் மலைமேல் 5 பாகை குளிர்ச்சியாயிருப்பின் தண்டு குறுகி, இரண்டரை வினாடி முந்தும். உஷ்ணநிலையைக் குறிக்காதவர் இவ்விரண்டின் மிச்சத்தையே புவியீர்ப்பின் விளைவெனக் கொண்டு ஏமாறுவார்.

இந்திய நில அளவையின் ஊசற் சோதனைகளை 1865இல் தொடங்கிய பாசெவி என்னும் அதிகாரிக்கும் இதுவே சிக்கல். அவருடைய பித்தளை ஊசல்கள் உருக்கைவிட மிகுதியாக விரிபவை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் உஷ்ணநிலையை அளந்து, கணக்கில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. லடாக்கின் உயர்ந்த சமவெளியில் அப்பணியிலிருக்கும்போதே 1871இல் அவர் இறந்தார்.

கருவியிலேயே குறையை நீக்கும் வழிகளும் உண்டு. கிரஹாமின் பாதரச ஊசலும், ஹாரிசனின் உருக்கு–பித்தளைக் கம்பிக் கூடும் 1720களில் தோன்றியவை. 1896இல் கில்லோம் கண்ட இன்வார் என்னும் நிக்கல் உருக்கின் விரிவு, சாதாரண உருக்கின் விரிவில் பத்தில் ஒரு பங்களவே.

இவை கிராமப் பள்ளிக்கு ஏது என்று சிலர் கேட்பர். பாதரசம் நஞ்சு, அது வகுப்பறைக்கு வேண்டவே வேண்டாம். உலர்ந்த மரத்தண்டு மலிவு, விரிவும் குறைவு. மெருகெண்ணெய் பூசாவிடில் மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கெடுக்கும். எதுவும் கிட்டாவிடினும் சாராய உஷ்ணமானி ஒன்று போதும். ஊசற் பரிசோதனை ஏட்டில் உஷ்ணநிலைக்கு ஒரு கட்டம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

களப் பணியாளரின் குறிப்பேட்டுக்கும் இது பொருந்தும். 30 மீட்டர் உருக்கு நாடா, 20 பாகை ஏறினால் 7 மில்லிமீட்டர் நீள்கிறது. சித்தூர் வெயிலில் கிடந்த நாடாவைத் தொட்டவர்க்கு அந்த 20 பாகை பெரிதாகத் தோன்றாது.