ரைசா 2: அண்டா பெருசாச்சு, பசி குறைஞ்சு போச்சு

'அட்டலியே ரைசா 2' ஆடி முடிச்சவங்க ரெண்டு கோஷ்டியா இருக்காங்க. முதல் பாகத்தை விட இது எல்லா விதத்துலயும் மேல்னு ஒரு கோஷ்டி. முதல் பாகத்துல இருந்த ஏதோ ஒண்ணு இதுல மிஸ்ஸிங்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் சொல்றது சரிதான்னு நினைக்கிறேன். அந்த 'ஏதோ ஒண்ணு' என்னன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு.

இந்த வரிசையைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜப்பான்ல கஸ்ட் கம்பெனி 1997-ல 'மேரி'ங்கற ஆட்டத்தோட ஆரம்பிச்சது. மத்த ரோல் ப்ளேயிங் கேம்ல எல்லாம் ஹீரோ வாள் எடுத்துட்டு உலகத்தைக் காப்பாத்தக் கிளம்பிடுவார். இங்க ஹீரோயின் ஒரு பெரிய அண்டா முன்னாடி நின்னு கிண்டிட்டு இருப்பாங்க. ரசவாதம். காட்டுல மூலிகை, கல்லு, பூச்சி எல்லாம் பொறுக்கிட்டு வந்து அண்டாவுல போட்டா மருந்து வரும், வெடிகுண்டு வரும், கவசம் வரும். மேரிக்கு அஞ்சு வருஷம் கெடு. அதுக்குள்ள உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டினாத்தான் பாஸ்.

ரைசா முதல் பாகம் 2019, ரெண்டாவது 2020 டிசம்பர் (ஜப்பான்ல, மத்த நாடுகளுக்கு 2021 ஜனவரி). இந்த வரிசையில அதே நாயகியை அடுத்த பாகத்துக்கும் கூட்டிட்டு வந்தது இதுதான் முதல் தடவை. கதையில மூணு வருஷம் ஓடியிருக்கு. தீவுல இருந்த பொண்ணு தலைநகரத்துக்கு வந்து ஒரு வாடகை ரூம்ல அண்டாவை வைக்கிறா. ஊரை விட்டு வந்து வாடகை ரூம்ல பொட்டி தட்டுற நம்மளுக்கு இதை விட நெருக்கமான ஓப்பனிங் வேணுமா? :-)

சும்மா சொல்லக்கூடாது, செய்யற வேலையை அட்டகாசமா மெருகேத்தியிருக்காங்க. பொருளைச் சேர்க்குற வளையங்கள் முதல் பாகத்துலயே உண்டு. நெருப்பு, பனி, மின்னல், காற்றுன்னு எந்த வளையத்துக்கு எது வேணுமோ அதைப் போடணும், நிரம்ப நிரம்ப அடுத்த வளையம் திறக்கும். இதுல கூடவே எசென்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு. கையில இருக்கற சரக்கு ஒரு வளையத்துக்குப் பத்தலைன்னா இதைப் போட்டு வளையத்தையே வளைச்சுக்கலாம். அப்புறம் எவால்வ் லிங்க். செஞ்சு முடிச்ச ரெண்டு பொருளை இணைச்சு ஒண்ணோட குணத்தை இன்னொண்ணுக்கு ஏத்தறது. ராத்திரி பதினொரு மணிக்கு 'இந்த ஒரு கவசத்தை மட்டும் முடிச்சுடலாம்'னு உக்காந்தா எந்திரிக்கும்போது மணி ரெண்டு. அதுல எனக்குக் கம்ப்ளெயிண்டே இல்லை.

சண்டையும் அப்படித்தான். முதல் பாகத்துல குண்டு வீசணும்னா சிசின்னு ஒரு கையிருப்பு வேணும். அது தீர்ந்துட்டா கையில இருக்கற ஒரு பொருளைக் கரைச்சு மத்ததுக்கு உயிர் கொடுக்கணும். கரைச்சது வீடு திரும்பற வரைக்கும் அவுட். எதைத் தியாகம் பண்றதுன்னு மண்டை காயும். ரெண்டாம் பாகத்துல ஸ்கில் அடிக்க அடிக்க சிசி தானா ஏறுது. வேகம், விறுவிறுப்பு, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா அந்த மண்டைக் காய்ச்சல் போயே போச்சு. இங்கதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு.

ரெண்டாவது உறுத்தல் ஸ்கில் ட்ரீ. முன்னாடி புது ரெசிபி வேணும்னா புத்தகத்தைத் தேடணும், இல்லாட்டி ஒரு வளையத்துல எக்குத்தப்பா ஏதோ ஒண்ணைப் போட்டு, 'அட, இது வேற பொருளா மாறுதே'ன்னு கண்டுபிடிக்கணும். அந்த 'அட' இன்னும் இருக்கு, ஆனா ஓரமா. பெரும்பாலான ரெசிபியை இப்போ பாயிண்ட் கொடுத்து வாங்கிக்கலாம். பாயிண்ட் எப்படி வரும்? எதைச் செஞ்சாலும் வரும். எதுக்காகச் செஞ்சேன்னு யாரும் கேக்கறதில்லை. அதனால என்ன ஆகுது? யாருக்கும் தேவையில்லாத சாமானை வண்டி வண்டியா செஞ்சு பாயிண்ட் சேர்க்கறோம். எனக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு. ஆமா, அப்ரைசல் சமயத்துல டிக்கெட் எண்ணிக்கைக்காக ஆணி புடுங்கற அதே வேலை! ஆபீஸ்ல இருந்து எஸ்கேப் ஆகி வந்து இங்கேயும் அதுவா?

ஸ்கில் ட்ரீயே தப்புன்னு சொல்லலை. அடுத்து என்ன கத்துக்கலாம்னு ஒரே படத்துல தெரியறது புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப உதவி. ஆனா முதல் பாகத்துல செய்யறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. தீவோட தண்ணிப் பிரச்சினை, காட்டுக்குள்ள நாமளே கட்டின ரகசியக் கூடாரம், ஊர்ல ஒருத்தரும் நம்பாத ஒரு பொண்ணு நிரூபிக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னாடி ஒரு ஆள் நின்னாங்க. ரெண்டாம் பாகத்துல கருவி பத்து மடங்கு கூர்மையாச்சு, வெட்டறதுக்கு எதுவும் இல்லை. நார்மல்ல ஆடினா பாதி ஆட்டத்துக்கு மேல எந்தப் பெரிய எதிரியும் நம்ம குண்டுக்கு முன்னாடி நிக்க மாட்டேங்குது.

பழைய இடிபாடுகளைச் சுத்தற பகுதி பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. திசைகாட்டி மாதிரி ஒண்ணை வச்சு நினைவுத் துண்டுகளைப் பொறுக்கி, குறிப்பேட்டுல கோடிட்ட இடத்தை நிரப்பணும். முதல் இடிபாட்டுல ஆர்வமா இருக்கும், மூணாவதுல பரீட்சை ஹால் ஞாபகம் வரும். நீச்சல், கயித்துல தொங்கறது, மிருகத்து மேல சவாரி எல்லாம் ஜாலி.

கதாபாத்திரங்கள் விஷயத்துல மட்டும் ரெண்டாம் பாகத்துக்கே என் ஓட்டு. கண்ணாடி போட்ட பயந்தாங்கொள்ளிப் பொடியன் டாவோ கண்ணாடி இல்லாம நெட்டையா வந்து நிக்கறப்போ, ஸ்கூல் நண்பனை மூணு வருஷம் கழிச்சு ரயில்வே ஸ்டேஷன்ல பார்த்த மாதிரி இருக்கு. மாறிட்டாங்க, ஆனா கிண்டல் அதே கிண்டல். முட்டையிலேர்ந்து வர்ற ஃபி-யைப் பத்தி எழுதினா கதையை உடைச்சதா ஆயிடும், வேண்டாம்.

2023-ல மூணாம் பாகமும் வந்தாச்சு, ஸ்கில் ட்ரீ அங்கேயும் தொடருது. முதல் பாகத்தை ஆடிட்டு ரெண்டாவதுக்குப் போறவங்களுக்கு என் யோசனை ஒண்ணே ஒண்ணு: ஆரம்பத்துலயே செட்டிங்ஸ்ல போய் கஷ்டத்தை ஏத்திடுங்க. நான் ரெண்டாவது சுத்து அப்படித்தான் ஆடினேன். அடி வாங்கிட்டு வந்து, இந்தக் குண்டுல நெருப்பு பத்தலைன்னு திரும்ப அண்டா முன்னாடி நின்னப்போதான் எசென்ஸ் எதுக்குன்னே புரிஞ்சுச்சு.