நடவுப் பெண்களின் வலியும் வெக்கையும்

மாதவிலக்கின்போது அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலிக்குக் காரணம், கருப்பையே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். கருப்பையின் உட்படலம் உதிரும் வேளையில் இது மிகுதியாகச் சுரந்து தசையைச் சுருங்க வைக்கிறது. சுருக்கம் கூடக்கூட அந்தத் தசைக்குப் போகும் இரத்தம் குறைந்து வலி எடுக்கிறது. இடுப்பு நோவு, தொடைக் கடுப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாம் இதே பொருளின் வேலை. பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

காவிரிப் படுகையில் இந்த நாட்கள் வயல் வேலையோடு மோதுகின்றன. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவை நடவு சூடு பிடிக்கும். பிறகு சம்பா, தாளடி. நடவு இயந்திரம் வந்த பிறகும் கை நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். சேற்றில் மணிக்கணக்கில் குனிந்து நிற்கும் வேலை அது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால், 'பொறுத்துக்கிட்டா சரியாப் போயிடும்' என்பதே தாய் மகளுக்குச் சொல்லும் வைத்தியமாக இருந்துவருகிறது. ஆனால் காரணம் தெரிந்த இந்த வலிக்கு மருந்தும் உண்டு. அதைப் பெறுவது பெண்ணின் உரிமை.

எளிய வழி வெப்பம். வெந்நீர்ப் பையோ, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியோ அடிவயிற்றில் வைத்தால் தசை தளர்ந்து வலி குறைவது ஆய்வுகளிலும் உறுதியாகியுள்ளது. மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்வரை குளிக்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை; முதல் நாள் வெந்நீர்க் குளியல் இதமே தரும். பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுக்கும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் நல்ல ஊட்டம். அவை உடம்பைத் தேற்றும்; வலி நிவாரணி அல்ல.

மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைக்கின்றன. ஆகவே வலி முற்றிய பின் போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை எடுக்கக் கூடாது. மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது; மாத்திரை போட்ட பின் காய்ச்சலும் தடிப்பும் கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழகத்தின் ஆடைத் தொழிலகங்கள் சிலவற்றில், வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் குறிக்காத மாத்திரைகள் கொடுக்கப்பட்டது 2019-இல் செய்தியானது. தான் விழுங்குவது என்ன மருந்து என்று தெரியாமல் எந்தப் பெண்ணும் விழுங்கக் கூடாது.

ஈரச் சேலையோடும் நனைந்த துணியோடும் வயலில் நிற்பதால் தொடையிடுக்குப் புண்ணாகிறது. கிராமத்து வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டம் 2012-இல் தொடங்கியது. ஆனால் நாப்கினை மாற்றிக்கொள்ள வயலோரத்தில் மறைவிடமோ கழிப்பறையோ அரிது. நடவு நடக்கும் ஊர்களில் அந்த வசதியைச் செய்து தருவதும் வலி நிவாரணத்தின் ஒரு பகுதிதான்.

உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் பட்டாலோ அது சாதாரணம் அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதிகப் போக்கு அதை மேலும் ஆழமாக்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலியும், மாத்திரைக்கும் அடங்காத வலியும் கருப்பைத் தசைநார்க் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். தஞ்சாவூரில் அரசு இராசா மிராசுதார் மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு உள்ளது. கருப்பையை எடுத்துவிடுவது முதல் தீர்வு அல்ல. மாத்திரை, ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் எனப் பல படிகளைக் கடந்த பிறகே அது.

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால் நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும். இந்தியாவில் இது சராசரியாக 46, 47 வயதில் நேர்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி அதனால் தடுமாறி, திடீரென்று முகமும் மார்பும் கொதித்து வியர்க்கும். தூக்கம் கெடும், எரிச்சலும் மனச்சோர்வும் வரும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது இரட்டை வெக்கை. விடியற்காலையில் வேலை தொடங்குவது, பருத்திச் சேலை, நிழலில் இடையிடையே ஓய்வு, நீராகாரமும் மோரும், காபியையும் காரத்தையும் குறைப்பது ஆகியவை ஓரளவு உதவும். சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமலிருப்பது சிறுநீர்த் தொற்றை வரவழைக்கும்.

தொல்லை மிகுந்தால் ஹார்மோன் சிகிச்சைதான் மிகப் பலனுள்ளது. பொதுவாக 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்ற 10 ஆண்டுக்குள் தொடங்கினால் நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. பிறப்புறுப்பு உலர்ந்து எரிவதற்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். வெட்கத்தால் இதைச் சொல்லாமலேயே ஆண்டுகளைக் கழிக்கும் பெண்கள் பலர்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேயும். நெல் விளையும் இந்த மண்ணில் தட்டு நிறைய சோறு இருந்தும் சுண்ணாம்புச்சத்து போதாது. 100 கிராம் அரிசியில் அது ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். அதே அளவு கேழ்வரகில் 300-க்கு மேல். கேழ்வரகு, எள், கீரை, தயிர், நடை, சிறிது வெயில் ஆகியவை எலும்பைக் காக்கும்.

மாதவிலக்கு நின்ற பின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே பரிசோதனை வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு முதலில் சோதித்துப் பார்த்தது 2007 முதல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில்தான். பிறகு அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 30 வயது கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.